பணியிடக் காயங்கள்: தெரிவித்தலும் பதிவு செய்தலும்

விழுப்புரம், திண்டிவனம் வட்டாரங்களில் அரிசி ஆலை, சர்க்கரை ஆலை, கல் குவாரி, செங்கல் சூளை, கட்டுமானம் ஆகியவற்றில் பணிபுரிவோர் ஏராளம். காயமடைந்தால் அவர்களுள் பலர் திண்டிவனம் அரசு மருத்துவமனைக்கோ, முண்டியம்பாக்கத்தில் உள்ள விழுப்புரம் அரசு மருத்துவக் கல்லூரி மருத்துவமனைக்கோ அழைத்து வரப்படுகின்றனர். அங்குச் சிகிச்சை தொடங்கும்போதே விபத்துப் பதிவேட்டில் ஒரு பதிவும் செய்யப்படுகிறது. பின்னாளில் இழப்பீடு கோரும்போது அப்பதிவே முதன்மைச் சான்றுகளுள் ஒன்றாகும்.

மருத்துவரிடம் கூற வேண்டியவை

• விபத்து நிகழ்ந்த நாள், நேரம், இடம்
• செய்துகொண்டிருந்த வேலை, இயந்திரத்தின் பெயர்
• நிறுவனத்தின் பெயர். ஒப்பந்ததாரர் மூலம் பணிபுரிந்தால் அவர் பெயரும்
• ஆதார் அட்டையிலும் இ.எஸ்.ஐ. அட்டையிலும் உள்ளவாறே உங்கள் பெயர்

"வீட்டில் வழுக்கி விழுந்தேன்" என்று கூறுமாறு எவரேனும் வற்புறுத்தினாலும் உண்மையையே கூறுங்கள். முதல் நாளில் வீட்டு விபத்து எனப் பதிவானதைப் பின்னர்ப் பணியிட விபத்து என மெய்ப்பிப்பது மிகக் கடினம். காவல் நிலையத்திற்குத் தகவல் அனுப்பப்படுவது மருத்துவமனையின் வழக்கமான நடைமுறையே. அதனால் நீங்கள் எவர்மீதும் வழக்குத் தொடுத்ததாகாது.

துல்லியம் ஏன் தேவை?

2025 நவம்பர் வரை நடைமுறையில் இருந்த, 1923ஆம் ஆண்டின் பணியாளர் இழப்பீட்டுச் சட்டத்தின் முதல் அட்டவணை, ஒவ்வோர் இழப்புக்கும் ஈட்டுத்திறன் குறைவை விழுக்காட்டில் வரையறுத்தது. கட்டைவிரல் முழுவதும் இழந்தால் 30. சுட்டுவிரல் முழுவதும் இழந்தால் 14. சுட்டுவிரலின் ஓர் எலும்பை மட்டும் இழந்தால் 9. எலும்பு இழப்பின்றி நுனி மட்டும் துண்டானால் 5. எனவே "விரலில் காயம்" என்னும் பதிவு போதாது. எந்தக் கை, எந்த விரல், எந்த மூட்டு வரை என்பன எழுதப்பட்டு, ஊடுகதிர்ப் படமும் இணைக்கப்பட வேண்டும்.

நிறுவனத்தின் கடமைகள்

உயிரிழப்பு ஏற்பட்டாலோ, காயமடைந்தவர் 48 மணி நேரமோ அதற்கு மேலோ வேலை செய்ய இயலாமற்போனாலோ, தொழிற்சாலை நிருவாகம் தொழிலகப் பாதுகாப்பு மற்றும் சுகாதார இயக்ககத்திற்கு அறிவிப்பு அனுப்ப வேண்டும். 1948ஆம் ஆண்டின் தொழிற்சாலைகள் சட்டம், 88ஆம் பிரிவில் இதனை வகுத்தது. 2025 நவம்பர் 21 முதல் நடைமுறைக்கு வந்துள்ள பணியிடப் பாதுகாப்பு, சுகாதாரம் மற்றும் பணிநிலைமைகள் சட்டத்தொகுப்பும் இதே 48 மணி நேர வரம்பையே கொண்டுள்ளது. சுரங்கங்களாகக் கருதப்படும் கல் குவாரிகளில் நிகழும் விபத்துகளைச் சுரங்கப் பாதுகாப்பு அதிகாரிகளுக்குத் தெரிவிக்க வேண்டும்.

அறிவிப்புக்கு வரம்பு உண்டு. பதிவுக்கு இல்லை எனக் கொள்வதே நன்று. துருப்பிடித்த ஆணி குத்திய காயம் முதல் நாளில் சிறிதாகத் தோன்றும். மூன்றாம் நாள் சீழ் பிடித்து அறுவைச் சிகிச்சை வரை செல்லக்கூடும். முதல் நாள் குறிப்பு இல்லையெனில் இரண்டையும் இணைக்க வழியிராது. ஆகவே, முதலுதவியோடு முடியும் காயத்தையும் அன்றே பதிவு செய்க.

இ.எஸ்.ஐ. திட்டத்திற்கு உட்பட்ட நிறுவனங்கள் படிவம் 11இல் விபத்துப் புத்தகத்தைப் பராமரித்து, படிவம் 12இல் விபத்து அறிக்கை அனுப்ப வேண்டும். பணிக்காயத்தால் தற்காலிகமாக வேலை செய்ய இயலாத தகுதியுள்ள காப்பீட்டாளருக்கு ஊதியத்தில் 90 விழுக்காடு வழங்கப்படுகிறது. தாமதமான அறிக்கை இத்தொகையையும் தாமதப்படுத்தும்.

இ.எஸ்.ஐ. இல்லாதவர்கள்

இவர்கள் வேலையளிப்பவரிடம் இழப்பீடு கோரலாம். சட்டம் வகுத்த காலவரம்பிற்குள் கோருவது அவசியம். டிராக்டர் அல்லது மின்விசையால் இயங்கும் கருவிகளைக் கொண்டு வேளாண் பணி செய்வோரும் 1923ஆம் ஆண்டுச் சட்டத்தின் அட்டவணையில் இடம்பெற்றிருந்தனர். ஒப்பந்ததாரர் மூலம் பணிபுரிந்தவர், முதன்மை வேலையளிப்பவரிடமும் இழப்பீடு கோரலாம்.

தொழில்சார் நோய்கள்

கல் உடைத்தல், துளையிடுதல் ஆகிய பணிகளில் எழும் சிலிக்காத் தூசி, பல ஆண்டுகளுக்குப் பின் சிலிக்கோசிஸ் என்னும் நுரையீரல் நோயை உண்டாக்கும். இருமலும் மூச்சுத்திணறலும் இருப்பதால் இது காசநோய் எனத் தவறாகக் கருதப்படுவதுண்டு. எனவே மருத்துவரிடம் செல்லும்போது இப்போதைய வேலையை மட்டுமன்றி, முன்னர் எந்தெந்தப் பணியிடங்களில் எத்தனை ஆண்டுகள் வேலை செய்தீர்கள் என்பதையும் கூறுங்கள். சிலிக்கோசிஸ், சட்டப்படி அறிவிக்கப்பட வேண்டிய நோயாகும்.

பாதுகாத்து வைக்க வேண்டியவை

விபத்துப் பதிவேட்டின் நகல், வெளிநோயாளர் சீட்டு, சிகிச்சை முடிவுச் சுருக்கம், ஊடுகதிர்ப் படங்கள், ஊதியச் சான்று, உடன் பணிபுரிந்து விபத்தை நேரில் கண்டவர்களின் பெயர்கள்.

அவசர நிலையில் 108 எண்ணை அழையுங்கள். உயிரைக் காப்பதே முதற்பணி. ஆனால் காயமடைந்தவர் பேச இயலாத நிலையில் இருந்தால், உடன் வருபவரே விபத்து விவரங்களை மருத்துவரிடம் கூற வேண்டும்.