கதிர்சிகிச்சை முகமூடி

கதிர்சிகிச்சை முகமூடி என்பது, தலை, கழுத்துப் புற்றுநோய்க்கும் மூளைக் கட்டிகளுக்கும் கதிர்வீச்சு தரும்போது தலை அசையாதிருக்க, நோயாளியின் முகத்திலேயே வார்த்தெடுக்கப்படும் பிளாஸ்டிக் வலை. தலை, கழுத்துப் புற்றுக்கான சிகிச்சை பொதுவாக வாரத்துக்கு 5 நாளாக 6, 7 வாரம் நீளும். தினமும் தலை முந்தைய நாள் கிடந்த இடத்திலேயே, சில மில்லிமீட்டருக்குள், கிடந்தாக வேண்டும். இறுக்கிப் பிடித்தால் போதும் என்று நெடுங்காலம் எண்ணினார்கள். வசதியாகப் படுத்தவர்தான் அசையாமல் படுப்பார் என்பது பின்னரே தெளிவானது.

தலையை நிறுத்திவைக்கும் கலை மூளை ஆராய்ச்சியிலிருந்து வந்தது. லண்டனில் விக்டர் ஹார்ஸ்லி, ராபர்ட் கிளார்க் இருவரும் 1908இல் விவரித்த சட்டகம் விலங்குகளுக்கானது. காதுத் துளைகளிலும் கண்குழி விளிம்பிலும் பற்றிக்கொள்ளும். பிலடெல்பியாவில் எர்ன்ஸ்ட் ஸ்பீகலும் ஹென்றி வைசிஸும் 1947இல் இம்முறையை மனிதருக்குக் கொண்டுவந்தபோது, சட்டகத்தைத் தாங்க நோயாளியின் தலையில் மாவுக்கட்டுத் தொப்பி ஒன்றை வார்த்தார்கள். ஆளுக்கு ஆள் அளவெடுத்துச் செய்யும் இன்றைய முகமூடிக்கு அதையே மூதாதையாகக் கொள்ள வேண்டும். ஸ்வீடனின் லார்ஸ் லெக்செல் 1949இல் வெளியிட்ட சட்டகம் இன்னும் துல்லியமானது, இன்னும் இரக்கமற்றது. தோலை மரத்துப்போகச் செய்து, கூர்முனைத் திருகுகளை மண்டையோட்டில் பதியுமாறு முடுக்குவார்கள். 1968இல் ஸ்டாக்ஹோமில் நிறுவப்பட்ட, காமா கதிர்களை மூளைக்குள் குவிக்கும் அவருடைய காமா கத்திக் கருவிக்கும் இச்சட்டகமே துணை. ஒரே நாளில் முடியும் சிகிச்சை என்பதால் காலையில் மாட்டி மாலையில் கழற்றிவிடலாம். 30 நாள் வருபவருக்குத் தினமும் திருகு முடுக்க முடியாது.

பிரிட்டனில் வேறு வழி கண்டார்கள். முகத்தில் வாசலின் தடவி, மூக்குத் துளைகளை மட்டும் விட்டு, ஈர மாவுக்கட்டுத் துணியை அடுக்கி அச்சு எடுப்பார்கள். அதிலிருந்து ஒரு முகச்சிலை. சிலையின்மேல் சூடான பிளாஸ்டிக் தகட்டை வெற்றிடத்தால் உறிஞ்சவைத்தால் ஓடு கிடைக்கும். வேலை நேர்த்தியானதுதான். ஆனால் நோயாளி பலமுறை அலைய வேண்டும். கண்ணும் வாயும் மூடிய நிலையில் சாந்து இறுகும்வரை மூச்சை அளந்து விட வேண்டும்.

இந்த அலைச்சலை ஒழித்தது பாலிகேப்ரோலாக்டோன் என்னும் பிளாஸ்டிக். நைலானைத் தந்த வாலஸ் கரோதர்ஸ் குழுவினர் 1930களில் ஆய்வகத்தில் உருவாக்கிய பொருள். மருத்துவத்துக்குப் பயன்பட்டது வெகு காலம் கழித்தே. ஏறத்தாழ 60 பாகை செல்சியஸில் இளகுவதுதான் இதன் சிறப்பு. முகமூடி வார்க்கும் அறையான மோல்டு ரூமில் வெந்நீர்த் தொட்டியில் போட்ட வெள்ளைத் தகடு சில நிமிடத்தில் கண்ணாடிபோல் தெளியும். எடுத்து நீரை ஒற்றிவிட்டு, நெற்றியிலிருந்து மோவாய்வரை இழுத்து, பலகையில் கிளிப்பால் பூட்டுவார்கள். மூக்குத் தண்டிலும் மோவாயிலும் விரலால் அழுத்திப் படியவைப்பார் டெக்னீஷியன். வெதுவெதுவென்று படிந்து, ஆற ஆற மறுபடி வெளுத்து, சற்றுச் சுருங்கி இறுகும். கழற்றியபின் கன்னத்தில் வலைக்கண்களின் தடம் சிறிது நேரம் இருக்கும். இந்தியாவில் பல மருத்துவமனைகளில் இதற்கு ஆர்ஃபிட் என்றே பெயர். அது ஒரு பெல்ஜிய நிறுவனத்தின் பெயர்.

பலரும் கவனிக்காத ஒரு நன்மை: கதிரைக் குறிவைக்க உதவும் கோடுகளை முகமூடியின் மேலேயே போட்டுவிடலாம். முன்பு அவை முகத்தில் சாயத்தால் வரையப்பட்டன. வாரக்கணக்கில் அழிக்கக் கூடாது, அப்படியே பஸ்ஸிலும் போக வேண்டும்.

குறைகளும் உண்டு. கதிர் வலையைத் துளைத்து வருவதால் தோலில் விழும் அளவு கூடுகிறது. தேவையான இடங்களில் வலையை வெட்டிவிடுவார்கள். விழுங்க முடியாமல் உடம்பு இளைத்தவருக்கு முகமூடி தொளதொளக்கும். ஸ்டீராய்டால் முகம் ஊதியவருக்கு நெரிக்கும். இரண்டிலும் புதிதாக வார்ப்பதே முறை. முகத்தை மூடியதும் மூச்சு முட்டுவதாகத் தவிப்பவர்கள் பலர். கண், வாய்ப் பகுதியைத் திறந்துவிடுவது, கையில் அழைப்பு மணி கொடுப்பது, பாட்டுப் போடுவது, ஓரிரு முறை மாட்டிப் பழக்குவது ஆகியவை மயக்க மருந்துக்கு முன் செய்யத்தக்கவை. சிறு குழந்தைகளுக்கு மயக்க மருந்து தவிர வேறு வழி அரிது.

அசைவுக்கு முகம் மட்டும் காரணமல்ல. சிகிச்சைக் கட்டில் மெத்தையில்லாத தட்டைப் பலகை, பெரும்பாலும் கார்பன் இழையாலானது. திட்டமிடும் ஸ்கேனிலும் சிகிச்சையிலும் முதுகு ஒரே வாக்கில் படிய வேண்டும் என்பதற்காகவே இந்தக் கடினம். முழங்காலுக்கு அடியில் ஒரு தாங்கி, கழுத்தின் வளைவுக்குப் பொருந்தும் தலையணை ஆகிய இரண்டும் இருந்தால் முதுகுவலி குறையும், நெளிவதும் குறையும். விலை குறைந்த இவ்விரண்டுக்கும் கருவிப் பட்டியல்களில் கடைசி இடமே தரப்படுகிறது.

தற்போது முகத்தைத் திறந்துவிடும் முகமூடிகளும், தோலின் அசைவைக் கேமராவால் கண்காணித்துக் கதிரை நிறுத்தும் முறையும் வழக்கத்துக்கு வந்துள்ளன.