படத்தில் இல்லாத இசை

1968 ஏப்ரல் மாதம். நியூயார்க்கில் ஸ்டான்லி குப்ரிக்கின் ‘2001: எ ஸ்பேஸ் ஒடிஸி’ படத்தின் முதல் காட்சி. அரங்கில் உட்கார்ந்திருந்த இசையமைப்பாளர் அலெக்ஸ் நார்த், தன்னுடைய இசை வரும் வரும் என்று காத்திருந்தார். கடைசிவரை வரவில்லை. லண்டனில் பெரிய வாத்தியக் குழுவை வைத்து அவர் பதிவு செய்திருந்த நாற்பது நிமிடத்துக்கும் மேலான பின்னணி இசையில் ஒரு சுரம்கூடப் படத்தில் இல்லை. திரையில் ஒலித்தவை ரிச்சர்ட் ஸ்ட்ராஸ், யோஹான் ஸ்ட்ராஸ், லிகெட்டி, கச்சத்தூரியன் ஆகியோரின் படைப்புகள். எல்லாமே ஏற்கெனவே பதிவாகியிருந்தவை.

அப்படியானால் அந்த நாற்பது நிமிடம் எங்கே போனது? இந்தக் கேள்வியைப் பிடித்துக்கொண்டுதான் நான் தேட ஆரம்பித்தேன்.

முதல் தடம் ஒரு புத்தகம். இந்தப் படம் உருவான கதையை ஜெரோம் ஏஜல் 1970-இல் தொகுத்து வெளியிட்டார். அதில் நார்த் தன் தரப்பைச் சொல்லியிருக்கிறார். 1960-இல் ‘ஸ்பார்டகஸ்’ படத்துக்கு அவரும் குப்ரிக்கும் சேர்ந்து வேலை செய்தவர்கள். 1967 டிசம்பரில் குப்ரிக்கிடமிருந்து அழைப்பு வருகிறது. படத்தொகுப்பின்போது தற்காலிகமாக ஒட்டிவைத்திருந்த பழைய இசைத்தட்டுகளில் சிலவற்றை அப்படியே வைத்துக்கொள்ளும் எண்ணம் குப்ரிக்குக்கு அப்போதே இருந்தது. தன் இசையோடு வேறொருவர் இசையைக் கலக்க நார்த்துக்கு மனமில்லை. அதே உணர்வைத் தன் பாணியில் கொண்டுவந்துவிடலாம் என்று நம்பி லண்டனுக்குப் போனார்.

இரண்டே வாரம். இரவு பகலாக எழுதியதில் தசைப்பிடிப்பும் முதுகு வலியும் சேர்ந்துகொள்ள, ஒலிப்பதிவுக்கு அவரை ஆம்புலன்ஸில்தான் கொண்டுபோனார்கள். வாத்தியக் குழுவை நடத்தியவர் நண்பர் ஹென்றி பிரான்ட். நார்த் கட்டுப்பாட்டு அறையில் இருந்தபடி கேட்டுக்கொண்டிருந்தார். படத்தின் முதல் பாதி முடிந்தது. மறுபாதிக்காகக் காத்திருந்தவருக்கு வந்த தகவல்: இனி இசை தேவையில்லை.

நிராகரிக்கப்பட்ட இசையைப் பாதுகாக்க ஸ்டுடியோவை நம்பியிருக்க முடியுமா? இது எம்.ஜி.எம். தயாரிப்பு. அதே நிறுவனம் 1970-ஐ ஒட்டித் தன் இசை நூலகத்தின் குறிப்புத்தாள்களைக் குப்பைமேட்டில் கொட்டி மூடிய கதை இசை ஆய்வாளர்கள் எல்லாரும் அறிந்தது. புகழ்பெற்ற எம்.ஜி.எம். இசைச்சித்திரங்களின் இசையையே, எஞ்சிய சுருக்கக் குறிப்புகளையும் படத்தில் காதால் கேட்பதையும் வைத்து, இசை நடத்துநர் ஜான் வில்சன் போன்றவர்கள் பின்னாளில் திரும்ப எழுத வேண்டியிருந்தது. வெற்றிபெற்ற படங்களுக்கே அந்தக் கதி. ஆகவே நான் ஸ்டுடியோவை விட்டுவிட்டு மனிதரைப் பின்தொடர்ந்தேன். நார்த் அதற்குப் பிறகு என்ன செய்தார்?

அங்கேதான் இரண்டாவது தடம் கிடைத்தது. அவர் அந்த இசையைக் கைவிடவேயில்லை. 1968-இலேயே ‘தி ஷூஸ் ஆஃப் தி ஃபிஷர்மேன்’ படத்தில் அதன் பகுதிகள் வேறு உருவில் வருகின்றன. 1981-இல் வந்த ‘டிராகன்ஸ்லேயர்’ படத்திலும் அப்படித்தான். ஹெட்போனை மாட்டிக்கொண்டு, விண்நிலையத்தில் விண்கலம் வந்து சேரும் காட்சிக்கு அவர் எழுதியதையும் டிராகன் கதைக்கு எழுதியதையும் மாற்றி மாற்றிக் கேட்டேன். விண்வெளிக்குப் பிறந்த அந்த மூன்று தட்டு நடை, பதின்மூன்று வருஷம் கழித்து டிராகனோடு பறக்கிறது. அந்தப் படத்தின் இசை ஆஸ்கருக்குப் பரிந்துரைக்கப்பட்டது. குப்பைக்குப் போனதாக நினைத்த இசை, மாறுவேடத்தில் ஊர் நடுவே உலவிக்கொண்டிருந்திருக்கிறது.

நார்த் 1991-இல் இறந்தார். 1993-இல் அவர் எழுதிவைத்த குறிப்புகளைக் கொண்டு ஜெர்ரி கோல்ட்ஸ்மித், லண்டன் நேஷனல் பில்ஹார்மோனிக் குழுவோடு அந்த இசையைப் புதிதாகப் பதிவு செய்தார். வரீஸ் சரபாண்ட் நிறுவனம் வெளியிட்டது. கோல்ட்ஸ்மித் நார்த்தின் நண்பர். அந்த வலியும் தெரிந்தவர்: ‘லெஜண்ட்’ படத்துக்கு அவர் போட்ட இசையை அமெரிக்கப் பிரதியிலிருந்து எடுத்துவிட்டு டேஞ்சரின் டிரீம் குழுவின் இசையைச் சேர்த்திருந்தார்கள்.

ஆனாலும் திரையிசை சேகரிப்பவர்களுக்கு அது போதவில்லை. அவர்களுக்கு வேண்டியது 1968 ஜனவரியில் அந்த அறையில் ஒலித்த ஒலி. 2007-இல் அதுவும் வந்தது. ஸ்டுடியோ கிடங்கிலிருந்து வரவில்லை. நார்த் தன் வசம் வைத்திருந்த மோனோ ஒலிநாடாக்களிலிருந்து இன்ட்ராடா நிறுவனம் 3,000 பிரதிகள் மட்டும் வெளியிட்டது.

3,000 என்ற இந்த எண் சேகரிப்பாளர் உலகில் அடிக்கடி தென்படும். நார்த்தின் பதிவு லண்டனில் நடந்தது; ஆனால் ஹாலிவுட்டில் பதிவானவற்றுக்கு, அங்குள்ள வாத்தியக் கலைஞர் சங்க விதிப்படி, படத்துக்காக வாசித்ததை இசைத்தட்டாக வெளியிட்டால் வாசித்தவர்களுக்கு மறுபடி ஊதியம் தர வேண்டும். நியாயமான விதிதான். ஆனால் சிறு நிறுவனங்களால் அந்தத் தொகையைத் தாங்க முடியவில்லை. குறைந்த பிரதிகளுக்குச் சலுகை கிடைத்த பிறகே பூட்டிக்கிடந்த பெட்டிகள் ஒவ்வொன்றாகத் திறந்தன. தொலைக்காட்சிக்கும் அந்தக் காலம் வந்தது: 1966 முதல் 1969 வரை ஒளிபரப்பான ‘ஸ்டார் ட்ரெக்’ தொடரின் இசை, 2012-இல் 15 குறுந்தட்டுகள் கொண்ட 6,000 பெட்டிகளாக வெளிவந்தது. விடாமல் கேட்டுக்கொண்டிருந்த சில ஆயிரம் பேர் இல்லாமல் இவற்றில் எதுவும் நடந்திருக்காது.

நார்த்தின் அந்த மோனோ பதிவைக் கேட்கும்போது 1993-இன் துல்லியம் இல்லை. ஒலி ஒடுங்கித்தான் வருகிறது. ஆனால் கண்ணை மூடினால், நோய்ப்பட்ட ஒருவர் கண்ணாடிக்கு அப்பால் உட்கார்ந்து கேட்டுக்கொண்டிருந்த அதே ஒலி இது. பாதிப் படத்துக்கு மேல் இசை கிடையாது, எழுதவே விடவில்லை. தேடலின் முடிவில் எனக்குக் கிடைத்ததும் பாதிதான். அதுவும் எழுதியவர் தன் பிரதியைப் பத்திரப்படுத்தியதால் கிடைத்தது.

நம் தமிழ்ப் படங்களில் பாட்டுகள் இசைத்தட்டாயின. பின்னணி இசையோ பெரும்பாலும் வசனத்தோடு ஒட்டிப் படச்சுருளிலேயே நின்றுவிட்டது. ரீ-ரெக்கார்டிங்கில் வாசித்த கைகளில் பல இன்றும் நம்மிடையே இருக்கின்றன. அவர்கள் வீட்டுப் பரணில் ஒரு நோட்டுப் புத்தகமோ ஒரு ஸ்பூல் டேப்போ இருக்கலாம். போய்க் கேட்க வேண்டும். அவர்கள் இருக்கும்போதே கேட்க வேண்டும்.