வளைகுடாப் பொதுவெளிக் கலையும் பார்வையாளரின் பங்கும்

எண்ணெய் வருவாய் பெருகிய 1970களுக்குப் பின் வளைகுடா நகரங்களில் எழுந்த பொதுவெளிச் சிற்பங்களில் பல, சாலை வட்டங்களின் நடுத்திட்டில், காரில் கடந்து செல்வோர் தொலைவிலிருந்து கண்டு போவதற்கென்றே அமைந்தவை. முத்து, பாய்மரம், தல்லா எனப்படும் அரபுக் காபிக் கூஜா ஆகியவை பேருருவில் வார்க்கப்பட்டு, கடலையும் பாலையையும் நம்பி வாழ்ந்த பழைய வாழ்வை நினைவூட்டின. 1982இல் பஹ்ரைன் தலைநகர் மனாமாவில் கூடிய வளைகுடா ஒத்துழைப்பு மன்ற உச்சி மாநாட்டை ஒட்டி நிறுவப்பட்ட முத்து நினைவுச்சின்னத்தில், ஆறு உறுப்பு நாடுகளைக் குறிக்கும் ஆறு பாய்கள் ஒரு முத்தைத் தாங்கி நின்றன. 2011இல் அச்சின்னம் நின்ற சாலை வட்டமே மக்கள் போராட்டத்தின் களமாகியதும், அவ்வாண்டு மார்ச்சில் பஹ்ரைன் அரசு சின்னத்தை இடித்து அகற்றியது. மக்கள் வந்து கூடியதும் சின்னத்தின் பொருள் மாறிவிட்டது என்பதே இந்நிகழ்வில் கருதத்தக்கது.

மக்களின் வருகையையே மூலப்பொருளாகக் கொள்ளும் ஊடாட்டக் கலை, அதாவது உணரிகளும் கணினியும் பார்வையாளரின் அசைவையோ குரலையோ நாடித்துடிப்பையோ பெற்று ஒளியாகவும் ஒலியாகவும் மாற்றித் தரும் கலை, இப்பகுதிக்கு வந்து சேர்ந்தது பிற்பாடுதான். ஆயினும் தொழில்நுட்பத்தைக் கலைக்கருவியாகக் கையாளும் நாட்டம் அமீரகத்துக்குப் புதிதன்று. அமீரகத்தின் மூத்த கலைஞர் ஹசன் ஷெரீஃபிடம் பயின்ற துபாய்க் கலைஞர் முகமது காசிம், செயற்கைக்கோள் வழி இடமறியும் ஜிபிஎஸ் ஆயங்களைக் கொண்டு பல ஆண்டுகளாகப் படைத்துவந்து, 2013 வெனிஸ் பியனாலேயில் அமீரக அரங்கைத் தனி ஒருவராக நிரப்பினார்.

திருப்பம் 2015 ஜனவரியில் நேர்ந்தது. குகன்ஹைம் அபுதாபி அருங்காட்சியகத் திட்டத்தின் கண்காட்சியை ஒட்டி, மெக்சிகோவில் பிறந்து கனடாவில் வாழும் ரஃபேல் லொசானோ ஹெம்மர், அபுதாபிக் கடற்கரைச் சாலையான கார்னிஷில் ‘பல்ஸ் கார்னிஷ்’ என்னும் படைப்பை நிறுவினார். கடலோரம் உலவ வந்தவர் ஒருவர் உணரியைப் பற்றியதும் அவருடைய நாடித்துடிப்பு அளக்கப்பட்டு, வானை நோக்கிய இயந்திரத் தேடொளி விளக்குகளின் பொலிவும் திசையும் அத்துடிப்பின்படி மாறின. மாலை நேரத்துக் கார்னிஷ் பல நாட்டுத் தொழிலாளர்கள் கூடும் இடமாதலால், கட்டுமானப் பணியாளின் துடிப்பும் நிறுவன அதிகாரியின் துடிப்பும் ஒரே அளவில் நகரத்து வானில் விரிவதற்கு வழி பிறந்தது. லொசானோ ஹெம்மர் இயற்பியல்சார் வேதியியல் படித்தவரே அன்றிக் கட்டடக் கலைஞர் அல்லர். எனினும், நகரவெளியை மக்களின் செயலால் உருமாற்றும் இத்தகைய தம் படைப்புகளை ‘உறவுக் கட்டடக்கலை’ என்னும் வரிசையில் வைக்கிறார். இதற்கு முன்னோடியாக, 1999 டிசம்பர் இறுதியில் மெக்சிகோ நகரச் சதுக்கத்தைச் சூழ்ந்த 18 தேடொளி விளக்குகளை இணையம் வழியே உலகெங்கிலும் உள்ளோர் இயக்குமாறு அவர் அமைத்திருந்தார்.

பின்னர் 2021 அக்டோபரில் தொடங்கிய துபாய் எக்ஸ்போவில், பார்வையாளர் தந்த ஒவ்வொரு சொல்லிலிருந்தும் கணினி இயற்றிய வரிகளை எஸ் டெவ்லின் வடிவமைத்த பிரிட்டன் அரங்கின் முகப்பு ஒளிரச் செய்தது. அக்கண்காட்சிக்குக் கரியிழையால் 21 மீட்டர் உயர வாயில்களைப் பின்னிய லண்டன் கட்டடக் கலைஞர் ஆசிஃப் கான், மரச்சட்டப் பின்னலான மஷ்ரபியாவை அவற்றுக்கு முன்மாதிரியாகக் கொண்டார். 2014இல் சோச்சி குளிர்கால ஒலிம்பிக்கில், வந்தவர்களின் முகங்களை முப்பரிமாணத்தில் புடைத்தெழச் செய்த சுவரும் அவருடையதே. லொசானோ ஹெம்மர் 2023இல் மனார் அபுதாபி ஒளிவிழாவுக்காக லூலூ தீவில் மீண்டும் நாடித்துடிப்பை விளக்குகளாக்கினார்.

2025 ஏப்ரலில் அபுதாபியின் சாதியாத் தீவில் திறக்கப்பட்ட ஊடாட்டக் கலையரங்கான டீம்லேப் ஃபினாமினாவைக் காணக் கட்டணச் சீட்டு வேண்டும். தொழில்நுட்பத்தில் அது முன்னேறியிருக்கலாம். ஆனால் பொதுவெளிக் கலை என்னும் பெயருக்கு முழுத் தகுதி உடையது, எவரும் நடந்துவந்து கைவைக்க முடிந்த கார்னிஷ் படைப்புதான். அத்தகையவற்றை நடைபாதைகளிலும் தொழிலாளர் குடியிருப்புகளின் அருகிலும் நிலையாக நிறுவ வளைகுடா நகரங்கள் முன்வர வேண்டும்.