தோட்டத்து மண்ணில் வந்த துவக்கு



போன கிழமை ஒரு மாணவன் புத்தகப் பையிலிருந்து துருவேறிய மகசின் ஒன்றை எடுத்து மேசையில் வைத்தான். "சேர், வெங்காயத்துக்கு மண் கொத்தேக்க வந்தது. வீட்டில ஒரு பெட்டி நிறையச் சேர்த்து வைச்சிருக்கிறன்."

உள்ளே ரவைகள் அப்படியே இருந்தன. பிள்ளைகளை வெளியே அனுப்பிவிட்டுப் பொலிசுக்குச் சொன்னோம். பெட்டியையும் அவர்களே எடுத்துப் போனார்கள்.

அவனைக் குற்றம் சொல்ல மனம் வரவில்லை. போர் நடந்த நிலத்தில் கிடப்பதைச் சேர்க்கும் ஆசை உலகம் முழுக்க உண்டு. பெல்ஜியத்திலும் வட பிரான்சிலும் முதலாம் உலகப் போரின் செல்கள் இன்றும் உழவில் வருகின்றன. "இரும்பு அறுவடை" என்றே அதற்குப் பெயர். பெல்ஜியத்தில் விவசாயி தெருவோரம் வைப்பார், இராணுவம் வந்து எடுத்துப் போகும். துருப்பிடித்த துவக்குகளைத் தேடி வாங்குவோரும் இருக்கிறார்கள். ஆனால் 2014 இல், நூறு வருடம் பழைய செல் ஒன்று வெடித்து ஈப்பர் நகரில் இரண்டு தொழிலாளர்கள் இறந்தார்கள்.

எங்கள் மண்ணில் கிடப்பது அவ்வளவு பழசும் இல்லை. 1995 ஒக்ரோபர் 17 இல் தொடங்கிய ரிவிரெச நடவடிக்கை அச்சுவேலி, புத்தூர், நீர்வேலிப் பக்கத்தால்தான் யாழ் நகரை நோக்கி வந்தது.

"இது யாற்ற சேர்?" என்று கேட்டான். நல்ல கேள்வி. சீனத் தயாரிப்பான ரி-56 துவக்கை ஆமியும் வைத்திருந்தது, புலிகளும் வைத்திருந்தார்கள். மரப்பிடியைக் கறையான் தின்ற பிறகு இரும்பு மட்டும் மிஞ்சினால் அது யாருடையது என்று சொல்ல முடியாது. எந்தத் தோட்டத்தில், எவ்வளவு ஆழத்தில், பங்கர் பக்கத்திலா கிணற்றடியிலா கிடந்தது என்பதுதான் ஏதாவது சொல்லும். பெட்டியில் போட்ட அன்றே அது போய்விடுகிறது.

1990 ஒக்ரோபர் 30 இல் புலிகள் யாழ்ப்பாண முஸ்லிம்களை இரண்டு மணித்தியாலத்தில் வெளியேறச் சொன்னார்கள். உம்மா வீட்டுத் திறப்பை முந்தானையில் முடிந்துகொண்டு வெளிக்கிட்டா. சரியாக ஐந்து வருடம் கழித்து, அதே ஒக்ரோபர் 30 இல், வலிகாமத்துச் சனம் நாவற்குழிப் பாலத்தால் தென்மராட்சிக்குப் போனது. இந்த இரண்டு 30 ஐயும் வகுப்பில் சொன்னபோது ஒருவரும் கதைக்கவில்லை.

தோட்டத்தில் எதுவும் கண்டால் தொடாதீர்கள். 119 க்கு அழையுங்கள். துருப்பிடித்தது, வெடிக்காது என்று நம்ப வேண்டாம். அவனுக்கு ஒரு கொப்பி கொடுத்திருக்கிறேன். இப்போது அப்பம்மாவிடம் கேட்டு, எந்த வளவில் எந்த வருடம் பங்கர் வெட்டினார்கள் என்று எழுதிக்கொண்டிருக்கிறான். நாலு பக்கம் வந்துவிட்டது.