திருப்புளி தந்த கம்ப்யூட்டர்

சென்னைப் புறநகரில் எங்கள் பக்கத்துக்குக் கம்ப்யூட்டரைக் கொண்டுவந்து சேர்த்தவர்கள் ரேடியோ மெக்கானிக்குகள். திருநீர்மலை, நாகல்கேணி, பம்மல், அனகாபுத்தூர் என்று இந்த வட்டாரமே தோல் ஷாப்பும் தறியும் கல்குவாரியுமாகப் பிழைத்த இடம். மாதச் சம்பளக்காரர்கள் குரோம்பேட்டையில் ரயில் பாதையை ஒட்டிக் குடியிருந்தார்கள். கம்பெனி பெயர் போட்ட கம்ப்யூட்டர் அவர்களுக்கே எட்டாத விலையில் இருந்தது. எனக்குத் தொழில் கற்றுக்கொடுத்தவர் பல்லாவரத்தில் வால்வு ரேடியோவில் ஆரம்பித்து டிவிக்கு மாறியவர். பிக்சர் டியூப் மாற்றிப் பழகிய கை. முதன்முதலில் ஒரு கேபினட்டை என் முன்னால் வைத்தபோது, "இதுவும் கரண்டுல ஓடுற பெட்டிதான்டா, பயப்படாம தெற" என்றார். இந்தப் பகுதியின் கணினி வரலாறு அந்த ஒரு வாக்கியத்துக்குள் அடங்கும் என்பது என் கட்சி. திறக்க முடிந்ததால்தான் அது எங்கள் கைக்கு வந்தது.

மேலே என்ன நடந்தது என்பதையும் சொல்ல வேண்டும். 1984இல் ராஜீவ் காந்தி அரசு கொண்டுவந்த கணினிக் கொள்கை இறக்குமதிக் கெடுபிடியைக் கொஞ்சம் தளர்த்தியது. 1997இல் உலக வர்த்தக அமைப்பின் தகவல் தொழில்நுட்ப ஒப்பந்தத்தில் இந்தியா சேர்ந்தது. அதன்படி கணினிப் பொருட்களுக்கான சுங்க வரி படிப்படியாகக் குறைந்து 2005இல் பூஜ்ஜியத்தைத் தொட்டது. இதற்கிடையே 1995 ஆகஸ்ட் 15 அன்று விஎஸ்என்எல் பொதுமக்களுக்கு இன்டர்நெட்டைத் திறந்துவிட்டது. 1998இல் தனியாருக்கும் வழி கிடைத்து, சென்னையிலிருந்து சத்யம் ஆன்லைன் வந்தது. பிள்ளைகள் பிரவுசிங் சென்டருக்குப் போய் வந்து, "நம்ம வீட்லயும் ஒண்ணு வாங்கலாம்பா" என்று கேட்கத் தொடங்கினார்கள்.

வரி குறைந்ததன் பலன் ஷோரூமுக்கு முன்பே ரிச்சி ஸ்ட்ரீட்டில் தெரிந்தது. அண்ணா சாலைக்கு அருகே நரசிங்கபுரம் தெரு, மீரான் சாகிப் தெரு என்று கிளை பரப்பிக்கிடக்கும் அந்தச் சந்தை முன்பே ரேடியோ உதிரிபாகங்களுக்குப் பேர் போனது. எங்கள் ஆசிரியருக்குக் கடைக்காரர்கள் எல்லாரும் பழைய பழக்கம். காலையில் குரோம்பேட்டையில் ரயில் ஏறி எழும்பூரில் இறங்கி நடப்போம். திரும்பும்போது மடியில் மதர்போர்டு, காலடியில் மானிட்டர் பெட்டி. கடற்கரை–தாம்பரம் தடத்தில் மீட்டர் கேஜ் மின்சார ரயில் 2004 ஜூலை 1 வரை ஓடியது. அந்தக் குறுகலான பெட்டியில் பதினைந்து இஞ்ச் மானிட்டரை உள்ளே தூக்கி வைத்தால், "டிவியா தம்பி?" என்று கேட்காத ஆள் கிடையாது.

அசெம்பிள் பண்ணுவது துண்டுச் சீட்டில் தொடங்கும். பிராசஸர், போர்டு, ராம், ஹார்ட் டிஸ்க், கேபினட், மானிட்டர், கீபோர்டு, யுபிஎஸ் என்று வரிசையாக எழுதி எதிரே விலை போடுவோம். மொத்தம் கையைக் கடித்தால் ஏதாவது ஒரு வரியை அடித்து மாற்றுவோம். 256 எம்பி ராம் 128 ஆகும். "போனஸ் வந்ததும் இன்னொண்ணு போட்டுக்கலாம் சார், ஸ்லாட் காலியாத்தான் இருக்கு." அந்தக் காலி ஸ்லாட்தான் நடுத்தரக் குடும்பத்தின் தவணைத் திட்டம். சீட்டில் சென்னைச் சரக்குக்கும் இடம் இருந்தது. கேபினட் ஜெப்ரானிக்ஸ், யுபிஎஸ் நியூமரிக், கீபோர்டு டிவிஎஸ் கோல்டு. டைப்ரைட்டிங் லோயர், ஹையர் முடித்த பெண்கள் அந்த கோல்டு கீபோர்டைத் தட்டிப் பார்த்துவிட்டு வேறு எதையும் தொட மாட்டார்கள்.

பழுது பார்ப்பதிலும் ஒரு பொது அறிவு வளர்ந்தது. மூன்று முறை பீப் அடித்துத் திரை கறுப்பாக நின்றால் ராமைக் கழற்றி, அதன் தங்க நிற முனைகளைப் பள்ளிக்கூட அழிரப்பரால் தேய்த்து, மறுபடி கிளிக் என்று உட்கார வைப்போம். பாதி மெஷின் அதிலேயே எழுந்துவிடும். கடிகாரம் பின்னுக்குப் போனால் நாணயம் மாதிரி இருக்கும் பேட்டரியை மாற்றினால் போதும். 2000களின் முதல் பாதியில் வந்த போர்டுகளில் கெப்பாசிட்டரின் தலை உப்பிப் பழுப்பாகக் கசியும். தரமற்ற திரவம் ஊற்றிய கெப்பாசிட்டர்களால் உலகம் முழுக்க வந்த வியாதி அது. டிவி மெக்கானிக்குக்குக் கெப்பாசிட்டர் மாற்றுவது கைவந்த கலை. புது போர்டு விலையில் சிறு பகுதிக்கு வேலை முடியும். இதையெல்லாம் பக்கத்தில் நின்று பார்த்த வாடிக்கையாளர் அடுத்த முறை ராமைத் தானே துடைத்துவிட்டுத்தான் போன் செய்வார்.

கடையில் கிடைக்காததற்குப் பல்லாவரம் வெள்ளிக்கிழமைச் சந்தை இருக்கிறது. பழைய டிரங்க் ரோட்டில் புறாவும் செடியும் துருப்பிடித்த ஸ்பானரும் விற்கும் அதே வரிசையில், சாக்கு விரித்து ஹார்ட் டிஸ்க், அடாப்டர், செத்த லேப்டாப் எல்லாம் குவிந்திருக்கும். ஐடி கம்பெனிகள் கழித்துவிட்ட சிஸ்டங்கள் பகுதி பகுதியாகப் பிரிந்து அங்கே வந்து சேரும்.

2015 டிசம்பர் வெள்ளத்தில் அந்தச் சாக்கு விரிப்பின் அருமை தெரிந்தது. முதல் தேதி இரவு அடையாறு ஏறி வந்தது. அனகாபுத்தூர், வரதராஜபுரம், முடிச்சூர் எல்லாம் மூழ்கின. தண்ணீர் வடிந்ததும் கடை வாசலில் சேறு அப்பிய பெட்டிகள். முதல் விதி, ஆன் செய்து பார்க்கக் கூடாது. பேட்டரியை எடுத்து, நல்ல தண்ணீரில் சேற்றைக் கழுவி, ஐசோபுரொபைல் ஆல்கஹால் தொட்ட பிரஷ்ஷால் தேய்த்து உலர விடுவோம். பவர் சப்ளையைத் தூக்கிப் போட வேண்டியதுதான். எல்லாரும் கேட்டது ஹார்ட் டிஸ்க்கை: கல்யாணப் போட்டோ, கடைக் கணக்கு, பிள்ளையின் ப்ராஜெக்ட். டிஸ்க்கின் அடியில் இருக்கும் பச்சைப் பலகை அரித்துப் போயிருந்தால் அதே மாடலின் பலகையைச் சந்தையில் தேடிப் பிடித்து, பழைய பலகையின் சிப்பை அதற்கு மாற்றி ஒட்டுவோம். சிலது பேசியது, சிலது பேசவில்லை.

வெள்ளத்துக்கு முன்பே லேப்டாப் வந்துவிட்டது. 2011 செப்டம்பர் 15 அன்று தமிழக அரசின் இலவச மடிக்கணினித் திட்டம் தொடங்கியது. மூடியில் முதல்வர் படத்தோடு வந்த முதல் சுற்று லேப்டாப்களில் விண்டோஸும் பாஸ் லினக்ஸும் சேர்ந்தே இருந்தன. அந்த லினக்ஸுக்கு எங்கள் ஊர் உறவு உண்டு. அது கட்டற்ற மென்பொருளுக்கான தேசிய வள மையத்தின் தயாரிப்பு. 2005இல் உருவான அந்த மையத்தை சென்னை சி-டாக்கோடு சேர்ந்து நடத்தியது, குரோம்பேட்டை எம்ஐடி வளாகத்தில் இருக்கும் ஏயு-கேபிசி ஆய்வு மையம். ஆனால் என்னிடம் வந்த பிள்ளைகளில் பலர், "அண்ணா, அந்த இன்னொண்ண எடுத்துட்டு படம் பாக்குற மாதிரி பண்ணிக் குடுங்க" என்றுதான் கேட்டார்கள். ராமும் ஹார்ட் டிஸ்க்கும் கழன்று வந்தவரை அவற்றுக்கும் வைத்தியம் பார்த்தோம்.

பிறகு எல்லாம் ஒட்டப்பட்டது. 2012இல் வந்த ரெட்டினா மேக்புக் ப்ரோவில் ராம் போர்டோடு பற்றவைக்கப்பட்டது, பேட்டரி பசையால் ஒட்டப்பட்டது. மெலிவுக்காக என்றார்கள், சீக்கிரமே மற்றவர்களும் அந்த வழிக்கு வந்தார்கள். போனில் இது இன்னும் மோசம். ஸ்ரீபெரும்புதூரில் 2006 முதல் 2014 வரை நோக்கியா ஆலை ஓடியபோது போனின் முதுகை நகத்தால் திறக்கலாம். மகிந்திரா சிட்டியில் பெகாட்ரான் 2022இல் தொடங்கிய ஆலை ஐபோன் செய்கிறது. கம்பெனி பஸ் ஏறிப் போய் எங்கள் செங்கல்பட்டு, காஞ்சிபுரம் மாவட்டத்துப் பெண்கள் போன் பூட்டுகிறார்கள். யார் செய்த போன் என்றில்லை, இன்று பூட்டிய எதையும் தெருக்கடையில் திறப்பது பெரும்பாடு.

இதை விதி என்று விட வேண்டியதில்லை. வெளிக்கடையில் ஹோம் பட்டன் மாற்றிய ஐபோன்கள் 'எரர் 53' காட்டிச் செத்தபோது, சரிசெய்து தர முடியாது என்று வாடிக்கையாளர்களைத் திருப்பி அனுப்பியதற்காக ஆஸ்திரேலிய நீதிமன்றம் 2018இல் ஆப்பிளுக்கு 90 லட்சம் ஆஸ்திரேலிய டாலர் அபராதம் போட்டது. இங்கே 2022 டிசம்பர் 24 அன்று மத்திய அரசு பழுதுபார்க்கும் உரிமைக்கென ஓர் இணையதளம் தொடங்கியது. நல்லதுதான். ஆனால் இணையதளத்தைக் காட்டினால் ரிச்சி ஸ்ட்ரீட்டில் உதிரிபாகம் தர மாட்டார்கள்.

2025 அக்டோபர் 14 அன்று மைக்ரோசாஃப்ட் விண்டோஸ் 10க்கான வழக்கமான ஆதரவை நிறுத்தியது. 11க்குத் தகுதி இல்லாத, ஆனால் நன்றாக ஓடுகிற மெஷின்களுக்கு நான் லினக்ஸ் போட்டுக் கொடுக்கிறேன். அதற்கும் ஒரு எல்லை உண்டு. அரசுதான் நினைத்தால் பெரிதாக ஏதாவது செய்யலாம். 2025–26 நிதிநிலை அறிக்கையில் 20 லட்சம் கல்லூரி மாணவர்களுக்கு மடிக்கணினியோ கைக்கணினியோ தருவதாகத் தமிழக அரசு அறிவித்தது. இத்தனை லட்சம் வாங்குகிறவன் நிபந்தனை போட்டால் எந்தக் கம்பெனியும் கேட்கும். இனி வரும் ஒவ்வொரு டெண்டரிலும் மூன்று வரி சேர்த்தால் போதும்: ராமும் பேட்டரியும் கழன்று வர வேண்டும், சர்வீஸ் மேனுவல் பொதுவில் இருக்க வேண்டும், உதிரிபாகம் ஐந்து வருடம் வெளிக்கடைக்கும் கிடைக்க வேண்டும். மிச்ச வேலையைச் செய்ய ஊருக்கு ஊர் ஆள் இருக்கிறார்கள்.