தண்டவாளம் போனது, தடம் பிழைத்தது: கிளேர் பள்ளத்தாக்கின் மிதிவண்டிப் பாதை



ஓர் இருப்புப்பாதையின் பயன் முடிந்தபின் அது கிடந்த நிலத்தை என்ன செய்வது? இக்கேள்விக்கு உலகின் பல ஊர்கள் பலவிதமாக விடை கூறியுள்ளன. சில ஊர்கள் நிலத்தைத் துண்டு துண்டாக விற்றன. சில ஊர்கள் அதைப் புதருக்கு விட்டுவிட்டன. ஆஸ்திரேலியாவின் தென் ஆஸ்திரேலிய மாநிலத்தில், அடிலெய்டு நகருக்கு வடக்கே ஏறத்தாழ 130 கிலோமீட்டர் தொலைவில் உள்ள கிளேர் பள்ளத்தாக்கு மக்களோ அதனை மிதிவண்டிப் பாதையாக்கினர். இன்று அது ரீஸ்லிங் பாதை என்று வழங்கப்படுகிறது. ரீஸ்லிங் என்பது ஜெர்மனியைத் தாயகமாகக் கொண்ட வெள்ளைத் திராட்சையின் பெயர். அப்பள்ளத்தாக்கு அத்திராட்சைக்கும் அதிலிருந்து வடிக்கப்படும் மதுவுக்கும் பெயர் பெற்றது.

மதுவைப் போற்றுவது இக்கட்டுரையின் நோக்கமன்று. ஒரு நிலம் எத்தனை முறை உருமாறியது என்பதையும், இறுதி மாற்றத்தை யார் எண்ணிச் செய்தனர் என்பதையும் காண்பதே நோக்கம்.

பாதைக்கு முன்னிருந்தோர்

அந்நிலம் நட்ஜூரி என்னும் பழங்குடி மக்களின் தாயகம். 1836ஆம் ஆண்டில் தென் ஆஸ்திரேலியக் குடியேற்றம் தொடங்கிய சில ஆண்டுகளிலேயே ஆட்டுமந்தைகளோடு ஆங்கிலேயர் வடக்கு நோக்கி வந்தனர். மந்தைகள் புல்லையும் நீர்நிலைகளையும் கைப்பற்றின; அயல்நோய்கள் உயிர்களைக் கவர்ந்தன. நட்ஜூரி மக்கள் தம் நிலத்திலேயே அந்நியராயினர். அழகிய தோட்டங்களின் வரலாற்றைச் சொல்லும்போது இதனை விட்டுவிட்டுச் சொல்வது முறையாகாது.

வந்தவர்களுள் ஜான் ஹோராக்ஸ் என்னும் இளைஞரும் ஒருவர். 1839இல் தமது 21ஆம் பிறந்தநாளன்று அடிலெய்டில் கால் வைத்த அவர், பள்ளத்தாக்கின் நடுவே ஒரு குடியிருப்பை நிறுவி, இங்கிலாந்தில் தாம் பிறந்த ஊரின் பெயரான பென்வொர்த்தம் என்பதையே அதற்கும் சூட்டினார். 1846இல் வடக்கே புது நிலம் தேடிப் புறப்பட்டபோது, ஆஸ்திரேலியாவுக்கு முதன்முதலாகக் கொண்டுவரப்பட்டதாகக் கருதப்படும் ஹாரி என்னும் ஒட்டகத்தையும் உடன் அழைத்துச் சென்றார். துப்பாக்கியில் மருந்து நிரப்பிக்கொண்டிருந்த வேளையில் ஒட்டகம் சட்டென அசைய, குண்டு வெடித்து அவரைக் காயப்படுத்தியது. சில வாரங்களில் அவர் உயிர் நீத்தார். அப்போது அவருக்கு வயது 28. மாணவர்கள் இக்கதையை ஒருமுறை கேட்டால் மறக்கமாட்டார்கள்.

கிளேர் என்னும் பெயரோ அயர்லாந்திலிருந்து வந்தது. அந்நாட்டின் கிளேர் மாவட்டத்தைச் சேர்ந்த எட்வர்டு கிளீசன் என்பவர் 1840களின் தொடக்கத்தில் இவ்வூரை அமைத்தார்.

திராட்சையைக் கொணர்ந்த துறவிகள்

1848இல் ஐரோப்பாவில் எழுந்த அரசியல் கொந்தளிப்பின்போது, சைலேசியா பகுதியிலிருந்து கத்தோலிக்கக் குடியேறிகளின் குழு ஒன்று தென் ஆஸ்திரேலியாவுக்குக் கப்பலேறியது. அவர்களோடு இயேசு சபைத் துறவியர் இருவர் வந்தனர். அவர்களுள் ஒருவரான அலோய்சியஸ் கிரானவிட்டர் கிளேர் அருகே தங்கி, 1851இல் நிலம் வாங்கி, ரோமாபுரியின் ஏழு குன்றுகளை நினைவுகூர்ந்து அதற்குச் செவன்ஹில் என்று பெயரிட்டார். திருப்பலிக்கு வேண்டிய திராட்சை இரசத்தைத் தாமே உண்டாக்கிக்கொள்ளும் பொருட்டு அங்கே கொடிகள் நடப்பட்டன. பள்ளத்தாக்கின் முதல் திராட்சை மதுக்கூடம் இவ்வாறு வழிபாட்டுத் தேவையிலிருந்து பிறந்தது.

ஆசிரியர்களாகிய நமக்கு மற்றொரு செய்தியும் உண்டு. அத்துறவியர் 1856இல் அங்கேயே ஓர் உறைவிடப் பள்ளியையும் தொடங்கினர். கொடி நட்ட கைகளே கரும்பலகையிலும் எழுதின.

காலம் கடந்து வந்த தொடர்வண்டி

1845இல் பர்ரா என்னுமிடத்தில் செம்புத் தாது கண்டெடுக்கப்பட்டது. அத்தாதுவை மாட்டுவண்டிகளும் பின்னர் கோவேறு கழுதைகளும் போர்ட் வேக்ஃபீல்டு துறைமுகத்துக்குச் சுமந்து சென்றன. வழியில் தங்கும் ஊர்களுள் ஒன்றாக ஆபர்ன் வளர்ந்தது. 1857இல் அடிலெய்டிலிருந்து காலர் வரையிலும், 1870இல் பர்ரா வரையிலும் இருப்புப்பாதை நீண்டது. கழுதைகளின் காலம் முடிந்தது.

ஆயினும் கிளேர் நகருக்குத் தொடர்வண்டி வந்து சேர்ந்தது 1918இல்தான். ரிவர்ட்டன் என்னும் ஊரிலிருந்து கிளைத்த அப்பாதை, ஆபர்ன், வாட்டர்வேல், பென்வொர்த்தம், செவன்ஹில் வழியாகக் கிளேரை அடைந்து, 1922இல் ஸ்பால்டிங் வரை நீட்டிக்கப்பட்டது. தண்டவாளங்களுக்கு இடைப்பட்ட அகலம் 1,600 மில்லிமீட்டர். நம் மலாயா இருப்புப்பாதையின் ஒரு மீட்டரைவிடப் பெரிது.

காலத்தைக் கவனியுங்கள். உந்துவண்டிகளும் சரக்குந்துகளும் பெருகத் தொடங்கிய நேரத்தில் இப்பாதை பிறந்தது. சாலை நாளுக்கு நாள் வலுவடைய, இருப்புப்பாதையின் தேவை குறைந்தது.

1983 பிப்ரவரி 16ஆம் நாள், சாம்பல் புதன் எனப்படும் கிறிஸ்தவ நோன்பு நாளன்று, விக்டோரியாவிலும் தென் ஆஸ்திரேலியாவிலும் பெருங்காட்டுத்தீ மூண்டது. 75 பேர் மாண்டனர். கிளேர் பகுதியிலும் தீ பரவி இருப்புப்பாதையின் பகுதிகளைச் சிதைத்தது. வருவாய் குன்றிய பாதையைப் பழுதுபார்க்க அரசு முன்வரவில்லை. பாதை மூடப்பட்டது, பின்னர்த் தண்டவாளங்களும் பெயர்த்தெடுக்கப்பட்டன.

விற்றிருந்தால்?

இவ்விடத்தில்தான் வரலாறு இரண்டாகப் பிரியக்கூடிய முனை வருகிறது. இருப்புப்பாதை நிலம் விந்தையான சொத்து. சில மீட்டர் அகலமும் பல கிலோமீட்டர் நீளமும் உடைய அந்நிலத்தின் மதிப்பு அதன் தொடர்ச்சியில் உள்ளது. நடுவே ஒரு துண்டை விற்றாலும் மாலையின் நூல் அறுந்ததற்கு ஒப்பாகும். விற்பதற்கு ஒரு நாள் போதும்; மீண்டும் இணைக்க ஒரு தலைமுறை போதாது.

கிளேர் பள்ளத்தாக்கு மக்களுள் சிலர் இதனை உணர்ந்தனர். நிலத்தைப் பொதுப் பயன்பாட்டுக்குக் காத்து, தடத்தைச் சரளைக்கல் பரப்பி இறுக்கினர். 1990களில் பாதை பகுதி பகுதியாகத் திறக்கப்பட்டது. ஆபர்னிலிருந்து கிளேர் வழியாக வடக்கே பரினியா வரை ஏறத்தாழ 33 கிலோமீட்டர் நீளம். உள்ளூர்த் தன்னார்வலர்களின் உழைப்பு இதற்கு முதுகெலும்பாயிற்று. பின்னாளில் ஆபர்னுக்குத் தெற்கே ரிவர்ட்டன் வரையிலும் பழைய தடம் மற்றொரு மிதிவண்டிப் பாதையாக இணைந்தது. ஆபர்ன் தொடர்வண்டி நிலையக் கட்டடம் ஒரு மது நிறுவனத்தின் விற்பனைக் கூடமாக உருமாறியது.

ஏன் குழந்தைகளும் முதியோரும் ஓட்ட முடிகிறது?

இது குன்றுகள் நிறைந்த பகுதி. எனினும் பாதை கடுமையாக ஏறுவதில்லை. காரணம் அறிவியல் சார்ந்தது. இரும்புச் சக்கரத்துக்கும் இரும்புத் தண்டவாளத்துக்கும் இடையே உராய்வு மிகக் குறைவு. அதனால் நீராவி எந்திரம் செங்குத்தான மேட்டில் பாரம் இழுக்க இயலாது. பொறியாளர்கள் மேட்டை வெட்டியும் பள்ளத்தை நிரப்பியும் வளைந்து சென்றும் சரிவைத் தணித்தனர். நூறாண்டுகளுக்கு முன் எந்திரத்தின் வலுவின்மைக்காகச் செய்த ஏற்பாடு இன்று எட்டு வயதுச் சிறுவனின் கால்களுக்கும் எழுபது வயதுப் பாட்டியின் கால்களுக்கும் உதவுகிறது.

மற்றொரு சிறப்பு, உந்துவண்டிகள் இல்லாமை. ஆங்காங்கே சாலையைக் குறுக்கே கடக்க வேண்டியுள்ளது. அவ்விடங்களில் மட்டும் நின்று இருபுறமும் நோக்க வேண்டும். மற்றபடி இருபுறமும் திராட்சைக் கொடிகளும் யூகலிப்டஸ் மரங்களுமே துணை. பிள்ளை சற்றுப் பின்தங்கினாலும் பெற்றோர் நெஞ்சம் பதறுவதில்லை. சாலையில் மிதிவண்டியை எடுக்கவே பிள்ளைகளை அனுமதிக்கத் தயங்கும் நமக்கு இதன் அருமை விளங்கும்.

நம் வீட்டருகே

மலாயாவின் முதல் இருப்புப்பாதை 1885இல் தைப்பிங்குக்கும் போர்ட் வெல்டுக்கும் இடையே திறக்கப்பட்டது. இலங்கையிலிருந்து வந்த தொழிலாளர்கள் சதுப்புநிலத்தில் அதனை அமைத்தனர். ஏறத்தாழ 13 கிலோமீட்டர் நீண்ட அப்பாதை மறைந்துவிட்டது. இன்று கோலா செபெத்தாங் எனப்படும் அவ்வூரில் நிலையத்தின் பெயர்ப்பலகை நிற்கிறது. அதில் தமிழ் எழுத்துகளும் உள்ளன.

சிங்கப்பூரிலோ, 2011 ஜூன் 30ஆம் நாள் தஞ்சோங் பகாரிலிருந்து கடைசித் தொடர்வண்டி புறப்பட்டபின், ஏறத்தாழ 24 கிலோமீட்டர் நிலத்தொடர் நடைக்கும் மிதிவண்டிக்கும் உரிய பசுமைப் பாதையாகக் காக்கப்பட்டது. ஒன்றில் பெயர் மட்டும் எஞ்சியது. மற்றொன்றில் வழியே எஞ்சியது. மலாயாவின் இருப்புப்பாதைகளில் நம் முன்னோர் பலர் வியர்வை சிந்தினர். அவர்கள் பெயர் பொறித்த கல் நமக்குக் கிடைக்காமல் போகலாம். அவர்கள் சமன்படுத்திய மண்ணில் பேரப்பிள்ளைகள் நடக்க முடிந்தால் அதுவும் ஒரு நினைவுச்சின்னமே.

வகுப்பறையில்

இக்கட்டுரையைப் பயன்படுத்த விரும்பும் ஆசிரியர்கள் மாணவர்களிடம் மூன்று வினாக்களை முன்வைக்கலாம்.

1. கிளேர் பள்ளத்தாக்கின் ஊர்ப்பெயர்கள் எந்தெந்த நாடுகளிலிருந்து வந்தன? முன்பே அங்கு வாழ்ந்தவர்களின் பெயர்கள் ஏன் அவற்றுள் அரிதாக உள்ளன?
2. தொடர்வண்டித் தடம் ஏன் மென்மையான சரிவுடன் அமைகிறது?
3. உங்கள் ஊரில் பயன் முடிந்த பழைய இடம் ஏதேனும் உண்டா? அதனை என்ன செய்யலாம்?

மூன்றாம் வினாவுக்கு வரும் விடைகளைப் பெற்றோரும் பொறுமையுடன் கேட்க வேண்டுகிறேன். கிளேர் மக்கள் எழுப்பியதும் அதே வினாதான். அவர்கள் அதனை நிலம் விற்கப்படுவதற்கு முன்னரே எழுப்பினார்கள்.