ஆக்கியோன் பெயர் இல்லாத சில்லு

ஒரு நூலின் பாயிரம் உரைக்க வேண்டுவன இவை எனத் தமிழ் மரபு எட்டினை எண்ணியது. அவற்றுள் ஆக்கியோன் பெயரை முதலிலும், நூல் வந்த வழியை அதனை அடுத்தும் வைத்தது. யார் செய்தது, எதன் வழி வந்தது என்னும் இவ்விரு வினாக்களுக்கும் விடையே இல்லாத ஒரு பொருள் இருத்தல் கூடுமோ? இருபதாம் நூற்றாண்டின் அறிவியல் புனைகதை இக்கேள்வியைப் பல வடிவங்களில் எழுப்பியது. அவற்றுள் பெருந்திரளான மக்களைச் சென்றடைந்தது, 1991இல் வெளிவந்த ‘டெர்மினேட்டர் 2’ என்னும் அமெரிக்கத் திரைப்படத்தில் வரும் சிறு கணிப்பொறிச் சில்லு ஆகும்.

ஜேம்ஸ் கேமரூன் இயக்கிய முதற்படம் 1984இல் வந்தது. அதன் கதையில், 2029ஆம் ஆண்டில் மனிதர்க்கும் ஸ்கைநெட் என்னும் கணிப்பொறி அமைப்புக்கும் போர் நிகழ்கிறது. மனிதப் படையின் தலைவன் பிறவாமலே தடுக்க எண்ணி, அவன் தாயைக் கொல்லுமாறு ஓர் எந்திர மனிதனை ஸ்கைநெட் 1984ஆம் ஆண்டுக்கு அனுப்புகிறது. அவ்வெந்திரம் லாஸ் ஏஞ்சலிஸ் நகரத் தொழிற்சாலை ஒன்றின் அழுத்துபொறியில் நசுங்கி அழிகிறது. எஞ்சியவை ஓர் இரும்புக் கையும் உடைந்த சில்லும். அவற்றைச் சைபர்டைன் நிறுவனம் கைப்பற்றிப் பெட்டகத்தில் பூட்டி மறைவாக ஆராய்வதை இரண்டாம் படம் காட்டுகிறது. தொழிற்சாலையில் சில்லைக் கண்டெடுக்கும் காட்சி முதற்படத்திற்கே எடுக்கப்பட்டுப் பின்னர் நீக்கப்பட்டது. எனவே இக்கருத்து இரண்டாம் படத்திற்காகப் புதிதாய்ப் புனைந்தது அன்று.

சைபர்டைனின் பொறியாளர் மைல்ஸ் டைசன் அச்சில்லை ஆராய்ந்து புதிய செயலியைப் படைக்கிறார். அச்செயலியிலிருந்து ஸ்கைநெட் பிறக்கும். ஸ்கைநெட் எந்திர மனிதனைச் செய்யும். அவன் தலைக்குள் அச்சில்லு இருக்கும். அவன் 1984க்கு வருவான். விதை முந்தியா, மரம் முந்தியா என்னும் பழைய புதிர் வேறு. அதில் ஒவ்வொரு விதைக்கும் முன்னே ஒரு மரம் உண்டு. வரிசை பின்னோக்கி நீண்டுகொண்டே போகும். இங்கோ வரிசை வளைந்து தன் வாலைத் தானே கவ்விக்கொள்கிறது. சில்லின் அமைப்பைச் சிந்தித்தவர் எவரும் இலர். பார்த்துச் செய்தவர் மட்டுமே உளர்.

இக்கருத்துக்கு ஒரு வரலாறு உண்டு. 1895இல் எச். ஜி. வெல்ஸ் எழுதிய ‘கால யந்திரம்’ என்னும் கதையில், காலப் பயணி தன் பொறியைத் தானே செய்கிறான். ஆக்கியோன் யார் என்பதில் ஐயமில்லை. 1941இல் ராபர்ட் ஹைன்லைன், ஆன்சன் மக்டொனால்ட் என்னும் புனைபெயரில் வெளியிட்ட கதை ஒன்றில் நிலைமை மாறுகிறது. எதிர்காலத்தில் வழங்கும் மொழியொன்றின் சொற்பட்டியல் அடங்கிய குறிப்பேடு கதைத்தலைவனுக்குக் கிடைக்கிறது. ஏடு நைந்து போக, அவன் அதைப் புதிய ஏட்டில் படியெடுக்கிறான். தான் முதலில் பெற்ற ஏடும் தான் எழுதிய படியும் ஒன்றே என்பது பின்னரே அவனுக்குப் புலனாகிறது. அப்பட்டியலை முதன்முதலில் தொகுத்தவர் எவரும் இல்லை.

கலைஞர்க்கு இன்னும் அணுக்கமானது வில்லியம் டென் 1955இல் எழுதிய சிறுகதை. இருபத்தைந்தாம் நூற்றாண்டின் கலை ஆய்வாளர் ஒருவர், தாம் போற்றும் ஓவியனைக் காண நியூயார்க் வருகிறார். அவன் திறமையற்றவனாய் இருக்கிறான். ஆய்வாளரின் காலப் பொறியைக் களவாடி எதிர்காலத்திற்கு ஓடியும் விடுகிறான். திரும்ப வழியற்ற ஆய்வாளர் அவன் பெயரை ஏற்று, தம் நினைவிலிருந்த ஓவியங்களைத் தாமே தீட்டுகிறார். ஓவியங்கள் உள்ளன, ஓவியன் இல்லை.

அறிவியலாரும் இதனை விளையாட்டாகக் கருதவில்லை. ஆக்ஸ்போர்டு இயற்பியலாளர் டேவிட் டாய்ட்ஷ், டெர்மினேட்டர் இரண்டாம் படம் வந்த அதே 1991இல் வெளியிட்ட கட்டுரையில் காலப் பயணத்தின் முரண்களை ஆராய்ந்தார். பாட்டனைக் கொல்லும் பேரன் போன்ற முரண்களைக் காட்டிலும், முயற்சியின்றி அறிவு தோன்றுவதே ஏற்கத்தகாதது என்பது அவர் கருத்து. அறிவு என்பது படிப்படியான வளர்ச்சியாலும் சிந்தனையாலுமே உண்டாகும் என்றார். 1992இல் லோசேவ், நோவிகோவ் என்னும் இருவர், இவ்வாறு தோற்றுவாயின்றிச் சுழல்வனவற்றுக்கு ‘ஜின்’ எனப் பூதத்தின் பெயரையே இட்டனர். சுழல்வது பொருளாயின் ஒரு வகை. செய்தி மட்டுமே சுழலுமாயின் மற்றொரு வகை. டைசனின் சில்லு இரண்டாம் வகையது. உடைந்த சில்லு பெட்டகத்திலேயே கிடக்கிறது. அதன் அமைப்பே காலத்தைச் சுற்றி வருகிறது.

மெய்யான சில்லின் வரலாறு இதற்கு நேர் எதிரானது. 1971இல் இன்டெல் நிறுவனம் வெளியிட்ட 4004 என்னும் நுண்செயலியில் ஏறத்தாழ 2,300 டிரான்சிஸ்டர்கள் இருந்தன. அது பிசிகாம் என்னும் ஜப்பானிய நிறுவனத்தின் கணக்கிடும் பொறிக்காகத் தொடங்கிய பணி. டெட் ஹாஃப், ஸ்டான்லி மேசர், மசடோஷி ஷிமா, ஃபெடரிகோ ஃபாஜின் ஆகியோர் உழைப்பு அதில் உண்டு. ஃபாஜின் அச்சில்லின் ஓரத்தில் தம் பெயரின் இரண்டு முதலெழுத்துகளைப் பொறித்து வைத்தார். கண்ணுக்குத் தெரியாத அளவினதாயினும், அது ஆக்கியோன் பெயரே.

இனி, புனைவுச் சில்லின் உள்ளுறை யாதெனக் காணலாம். அதனை ஆக்கியோன் இல்லை; ஆதலால் அதன் விளைவுக்கு விடை சொல்வாரும் இல்லை. அதனால் 1997இல் 300 கோடி மக்கள் மாள்வர் என்று கேட்ட டைசன், அறிவு தம்முடையது அன்று என ஒதுங்கியிருக்கலாம். அவர் அவ்வாறு செய்யவில்லை. தம் வாழ்நாள் உழைப்பனைத்தையும் அழிக்க முன்வந்து, அம்முயற்சியிலேயே உயிர் துறக்கிறார். பெயரில்லாத ஒன்றுக்குத் தம் பெயரைத் தந்து, பழியை ஏற்றவர் அவர். கதையின் அறம் அங்கேதான் நிற்கிறது.

இன்று கணிப்பொறிகள் கேட்ட மாத்திரத்தில் செய்யுள் இயற்றித் தருகின்றன. அவற்றைக் காண்பார்க்கு, எங்கிருந்தோ தானே வந்த சொல் போலத் தோன்றும். ஆயின் அவை வட்டத்தில் பிறந்த பூதங்கள் அல்ல. எண்ணற்ற மனிதர் எழுதிவைத்த எழுத்துகளைக் கற்றே அவை சொல்லை அடுக்குகின்றன. அங்கே ஆக்கியோர் இலர் என்பதன்று. அவர்தம் பெயர்கள் எழுதப்படவில்லை என்பதே உண்மை. பாயிரம் முதலில் கேட்ட இரண்டு வினாக்களையும் மறவாது கேட்டுக்கொண்டிருப்பது கவிஞர்க்கு உரிய கடமை.